155 டாலர் பதிவும் 4,88,520 டாலர் உரிமமும்: டெக்ஸஸின் ஹெம்ப் விவகாரம், ஒரு நிகழ்வு ஆய்வு

டெக்ஸஸ் மாநிலத்தில் 2025 கோடைக்காலம் வரை, கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி.யை வாங்க இரண்டு வழிகள் இருந்தன.

முதல் வழியில் போகிறவருக்குச் சட்டம் பட்டியலிட்ட நோய்களில் ஒன்று இருக்க வேண்டும். மாநிலப் பதிவேட்டில் பெயர் உள்ள மருத்துவர் அதை எழுதிக் கொடுக்க வேண்டும். அதைக் கொண்டுபோய் உரிமம் பெற்ற மூன்றே நிறுவனங்களில் ஒன்றிடம் வாங்க வேண்டும். இரண்டாவது வழியில் போகிறவர் பெட்ரோல் பங்க் கடைக்குள் நுழைந்தால் போதும். மிட்டாய்களுக்கும் சிகரெட் லைட்டர்களுக்கும் நடுவே, பளபளப்பான பாக்கெட்டில், ஹெம்ப் என்ற பெயரில், அதே மூலக்கூறு தொங்கிக்கொண்டிருக்கும். வயது கேட்டுத்தான் விற்க வேண்டும் என்று மாநிலச் சட்டத்தில் ஒரு வரி கூட இல்லை. பல கடைக்காரர்கள் தாங்களாகவே 21 வயது என்று போர்டு மாட்டிவைத்தார்கள், அது அவர்கள் நல்ல மனசு.

முதல் வழியில் கடை திறக்க ஆரம்பத்தில் மாநிலம் வாங்கிய உரிமக் கட்டணம் 4,88,520 டாலர். இரண்டாவது வழிக்கு, ஒரு கடைக்கு 155 டாலர் பதிவுக் கட்டணம். முதல் வழியில் மூன்று நிறுவனங்கள், இரண்டாவதில் 8,000க்கும் மேற்பட்ட கடைகள். ஆபத்து குறைவாக இருந்த இடத்தில் அத்தனை பூட்டும், அதிகமாக இருந்த இடத்தில் கதவே இல்லாமலும் ஒரு மாநிலம் ஆறு வருடம் எப்படி நடந்தது என்பதுதான் இங்கே கேள்வி. வேதியியலாளர்கள் சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் பதில். அது பாதி உண்மை. மீதிப் பாதி, யாரும் அந்தக் கடைகளை மேற்பார்க்கும் வேலையை உருப்படியாக ஒரு துறையிடம் ஒப்படைக்கவில்லை என்பது.

அந்த 0.3 எங்கிருந்து வந்தது

ஹெம்ப், மரிஜுவானா இரண்டும் ஒரே செடி. தாவரவியலில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். பிரிப்பது சட்டம் மட்டுமே. அந்தப் பிரிப்புக்கு அமெரிக்கா உள்படப் பல நாடுகள் பிடித்துக்கொண்ட எண் 0.3 சதவீதம். 1976இல் கனடாவைச் சேர்ந்த எர்னஸ்ட் ஸ்மால், அமெரிக்கரான ஆர்தர் கிரான்குவிஸ்ட் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் கஞ்சாச் செடிகளை வகைப்படுத்தி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். இளம் இலைகளில் டெல்டா-9 டி.எச்.சி. (டி.எச்.சி.யின் முதன்மை வகை) 0.3 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஒரு வகை, மேலே இருந்தால் இன்னொரு வகை என்று கோடு போட்டார்கள். கோடு நம் வசதிக்காகப் போட்டது என்பதை அவர்களே மறைக்கவில்லை. செடிகளை அலமாரியில் அடுக்கி வைப்பதற்கான எண் அது. எவ்வளவு சாப்பிட்டால் தலை சுற்றும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

2018 டிசம்பர் 20ஆம் தேதி கையெழுத்தான அமெரிக்க விவசாயச் சட்டம் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டது. கென்டக்கி மாநிலத்தின் செனட்டர் மிட்ச் மெக்கானல் இதற்கு முன்னின்றார். புகையிலை விவசாயம் சரிந்துவிட்ட தன் மாநிலத்துக்கு ஒரு மாற்றுப் பயிர் வேண்டும் என்பது அவர் கணக்கு. சட்டத்தின் வரையறை இப்படிப் போகிறது: கஞ்சாச் செடி, அதன் எந்தப் பகுதியும், விதையும், அதிலிருந்து எடுக்கப்படும் எல்லாச் சாறுகளும், கன்னாபினாய்டுகளும் (டி.எச்.சி. போன்ற கஞ்சாச் செடிச் சேர்மங்கள்), ஐசோமர்களும் (அதே அணுக்கள் வேறு அமைப்பில் இணைந்த மூலக்கூறுகள்), அமிலங்களும், உப்புகளும், எடையில் டெல்டா-9 டி.எச்.சி. 0.3 சதவீதத்தைத் தாண்டாதவரை, ஹெம்ப்.

இதில் மூன்று இடங்களில் தண்ணீர் கசிகிறது. 'டெல்டா-9' என்று ஒன்றை மட்டும் பெயர் சொல்லித் தடுத்தது முதலாவது. 'ஐசோமர்கள், அமிலங்கள்' என்று மற்றதையெல்லாம் கைநீட்டி வரவேற்றது இரண்டாவது. மில்லிகிராமில் சொல்லாமல் எடையின் சதவீதத்தில் சொன்னது மூன்றாவது.

(நம் நாட்டுச் சட்டம் வேறு மாதிரி யோசித்தது. 1985ஆம் ஆண்டின் இந்திய போதைப்பொருள் தடுப்புச் சட்டம் செடியின் பாகத்தைப் பார்க்கிறது. பூக்கும், காய்க்கும் நுனி கஞ்சா. நுனியோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே. வட இந்தியாவில் பாங் கடைகள் நடப்பது அதனால்தான். எந்தக் கோடு போட்டாலும் ஓரத்தில் ஒருவர் கடை போடுவார் என்பது இரண்டு நாட்டுக்கும் பொது.)

ஒரு பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால்

சதவீதத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு கிராம் எடையுள்ள, ஜெல்லி போன்ற ஒரு 'கம்மி' (gummy) மிட்டாய். அதன் 0.3 சதவீதம் 12 மில்லிகிராம். கஞ்சாவை முழுதாக அனுமதித்த கொலராடோவில் உண்ணும் பொருளில் ஒரு பங்குக்கு (ஒரு முறை சாப்பிடும் அளவுக்கு) உச்சவரம்பு 10 மில்லிகிராம். அதாவது, கஞ்சாவைத் தடைசெய்த டெக்ஸஸில் பெட்ரோல் பங்க்கில் விற்கும் ஒரு மிட்டாய், கஞ்சாவை அனுமதித்த கொலராடோவில் ஒரு பங்குக்குரிய அளவைவிட வலுவாக இருக்கலாம். அதுவும் சட்டப்படியே. பானத்துக்கு இந்தக் கணக்கு இன்னும் வேடிக்கையாகிவிடும். 355 மில்லிலிட்டர் டின் ஒன்றின் எடை ஏறக்குறைய 355 கிராம். அதில் 0.3 சதவீதம் ஒரு கிராமைத் தாண்டும், அதாவது 1,000 மில்லிகிராமுக்கு மேல். அப்படி யாரும் தயாரிப்பதில்லை. ஆனால் தயாரிக்காமல் இருப்பது வியாபாரியின் புத்தியால், சட்டத்தால் அல்ல.

அடுத்து அமிலம். பச்சைக் கஞ்சாப் பூவில் இருப்பது பெரும்பாலும் டி.எச்.சி. அல்ல, டி.எச்.சி.ஏ. என்ற அமிலம். அது போதை தராது. நெருப்பு வைத்தால் கரியமில வாயு பிரிந்துபோய் டி.எச்.சி. ஆகிவிடும். எடைக் கணக்கில் 0.877ஆல் பெருக்க வேண்டும். பாக்கெட்டில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்தால் ஆய்வக அறிக்கை திறக்கும். அதில் டெல்டா-9 என்ற வரிக்கு நேரே 0.2 சதவீதம் என்று இருக்கும். ஹெம்ப், தாராளமாக விற்கலாம். இரண்டு வரி தள்ளி டி.எச்.சி.ஏ. 20 சதவீதம் என்று இருந்தால், பற்றவைத்த நொடியில் அது 17.5 சதவீத டி.எச்.சி. அது கஞ்சாதான், வேறு ஒன்றும் இல்லை.

வயலில் மட்டும் இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டார்கள் என்பதுதான் எனக்குப் பிடிபடாத விஷயம். அமெரிக்க வேளாண் துறையின் விதிப்படி அறுவடைக்கு முந்தைய 30 நாட்களுக்குள் எடுக்கும் மாதிரியில் அமிலத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வரம்பு தாண்டினால் விவசாயி பயிரை அழிக்க வேண்டும், அல்லது வரம்புக்குள் கொண்டுவர வேண்டும். ஆனால் அந்த 30 நாளிலும் பூ முற்றிக்கொண்டே இருக்கும். அப்புறம் கடைக்கு வந்ததும் அமிலக் கணக்கு மறந்துபோகும். கடன் வாங்கிப் பயிரிட்டவனுக்கு ஒரு அளவுகோல், பாக்கெட் போட்டு விற்பவனுக்கு இன்னொன்று.

மூன்றாவது, ஐசோமர். 2019இல் நாடெங்கும் விவசாயிகள் ஹெம்ப் பயிரிட்டுத் தள்ளினார்கள். ஹெம்ப்பிலிருந்து எடுக்கும், போதை தராத சி.பி.டி. எண்ணெய்க்கு அப்போது மவுசு. உற்பத்தி கூடி விலை தரைக்கு வந்தது. டிரம் டிரம்மாகத் தேங்கிக் கிடந்த சி.பி.டி.யை வேதியியலாளர்கள் கரைப்பானில் கலந்து அமிலம் சேர்த்துச் சூடாக்கினார்கள். வந்தது டெல்டா-8 டி.எச்.சி. டெல்டா-9க்கும் இதற்கும் வித்தியாசம், ஓர் இரட்டைப் பிணைப்பு ஒன்பதாவது கார்பனிலிருந்து எட்டாவதுக்கு நகர்ந்திருப்பது மட்டுமே. போதை கொஞ்சம் குறைவு. கூடவே, பெயரே இல்லாத சில பக்க விளைபொருட்களும் வரும். அவற்றைச் சுத்தமாகப் பிரித்தெடுக்கிறார்களா என்பது ஆலைக்கு ஆலை மாறும். பார்க்க ஆளில்லை.

2022இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளியிட்ட எச்சரிக்கையில், 2021 ஜனவரி முதல் 2022 பிப்ரவரி வரை நச்சுத் தகவல் மையங்களுக்கு டெல்டா-8 தொடர்பாக வந்த சம்பவங்கள் 2,362 என்று இருக்கிறது. அதில் 41 சதவீதம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள். மிட்டாய் மாதிரி இருப்பதைப் பிள்ளைகள் மிட்டாய் என்றுதான் எடுக்கும்.

2019: விவசாயிக்காக எழுதிய சட்டம்

டெக்ஸஸின் ஹெம்ப் சட்டம் 2019 ஜூனில் ஆளுநர் கையெழுத்தோடு வந்தது. பிரதிநிதிகள் அவையில் கொண்டுவந்தவர் டிரேசி கிங் என்ற ஜனநாயகக் கட்சிக்காரர். செனட்டில் அதைச் சுமந்தவர் லபக் நகரத்துக் குடியரசுக் கட்சிக்காரரான சார்லஸ் பெர்ரி. லபக், பருத்தி பூமி. ஹெம்ப் இன்னொரு பயிராகும் என்ற ஆசையில் எழுதிய சட்டம் அது. பெர்ரியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

முதல் அடி எதிர்பாராத இடத்தில் விழுந்தது. சட்டம் வந்த மறு வாரங்களிலேயே ஹூஸ்டன், ஆஸ்டின், சான் அன்டோனியோ உள்ளிட்ட பெரிய கவுண்டிகளின் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) அரசு வழக்கறிஞர்கள் சிறு அளவுக் கஞ்சா வழக்குகளைக் கைவிட ஆரம்பித்தார்கள். போலீஸ் பிடித்த பொட்டலம் கஞ்சாவா ஹெம்ப்பா என்று நிரூபிக்க டி.எச்.சி. எத்தனை சதவீதம் என்று அளக்க வேண்டும். மாநில ஆய்வகங்களிடம் இருந்த முறைகள் 'இருக்கிறதா இல்லையா' என்று மட்டும் சொல்லும். ஆளுநர் கிரெக் அபட், துணை ஆளுநர் டான் பேட்ரிக், அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன் எல்லாரும் சேர்ந்து, கஞ்சா இன்னும் குற்றம்தான் என்று வழக்கறிஞர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். கடிதம் எழுதினால் ஆய்வகத்துக்குக் கருவி வந்துவிடுமா? அந்த ஆண்டு முடிவதற்குள் புதிதாகப் பதிவான சிறு அளவு வழக்குகள் பாதிக்கும் கீழே போயின.

புகைக்கும் ஹெம்ப் கதை இதைவிட விசித்திரம். அதை டெக்ஸஸுக்குள் தயாரிக்கக்கூடாது என்று சட்டமே சொன்னது. சுகாதாரத் துறை தன் விதியில் ஒரு படி மேலே போய் விற்கவும் கூடாது என்று சேர்த்தது. வியாபாரிகள் நீதிமன்றம் போனார்கள். விற்பனைத் தடை கீழ்நீதிமன்றத்திலேயே விழுந்தது. தயாரிப்புத் தடையை மட்டும் மாநில உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் உறுதிசெய்தது. விளைவு: உள்ளூர்க்காரர் செய்யக்கூடாது, வெளிமாநிலத்துக்காரர் செய்து அனுப்பினால் விற்கலாம். உள்ளூர் விவசாயிக்காக எழுதிய சட்டத்தின் பலன் ஓரிகனுக்கும் கொலராடோவுக்கும் போனது.

2021: வலைதளத்தில் வந்த தடை

2021 அக்டோபர் 15 அன்று மாநில சுகாதாரத் துறை தன் வலைதளத்தில் ஓர் அறிவிப்பு போட்டது. டெல்டா-8 உள்பட, டெல்டா-9 தவிர்த்த டி.எச்.சி. வகைகள் எல்லாமே முதல் அட்டவணையில் உள்ள தடைசெய்யப்பட்ட பொருட்கள் என்றது. இரண்டு வருடமாக விற்றுக்கொண்டிருந்த கடைக்காரர்கள் விடிந்து பார்த்தால் குற்றவாளிகள். ஆஸ்டினைச் சேர்ந்த ஹோம்டவுன் ஹீரோ நிறுவனம் வழக்குப் போட்டது. நவம்பரில் டிராவிஸ் கவுண்டி நீதிமன்றம் அறிவிப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தத் தடையை ஏற்றது.

நீதிமன்றங்கள் டெல்டா-8 நல்லது என்று சொல்லவில்லை. முறையாக விதி வெளியிட்டு, மக்கள் கருத்துக் கேட்டு, அப்புறம் தடை போடு என்பதுதான் சண்டையின் சாரம். 2022 மே மாதம் கலிஃபோர்னியா பக்கத்து வழக்கு ஒன்றில் ஒன்பதாவது வட்ட மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏறக்குறைய இதையே சொன்னது. சட்டத்தின் சொற்படி டெல்டா-8 ஹெம்ப்தான், நாடாளுமன்றம் தெரியாமல் ஓட்டை விட்டிருந்தால் அடைக்க வேண்டியது நாடாளுமன்றம்தான் என்றது. அது ஒரு வர்த்தக முத்திரை வழக்கு என்பது தனி சுவாரஸ்யம். போலிச் சரக்கு விற்றவர், அசல் சரக்கே சட்டவிரோதம், அதற்கு முத்திரைப் பாதுகாப்பு ஏது என்று வாதாடினார்.

இடைக்காலத் தடை கிடைத்ததும் டெக்ஸஸ் சந்தை பயமில்லாமல் வளர்ந்தது. சுகாதாரத் துறைக்கு ஆயிரக்கணக்கான கடைகளைச் சுற்றிப் பார்க்கும் ஆள்பலம் கிடையாது. மதுவுக்கும் சிகரெட்டுக்கும் இருப்பது போலத் தனி வரியும் இல்லை, 6.25 சதவீத மாநில விற்பனை வரியோடு சரி. மேற்பார்வைக்குக் காசு வர வழியே வைக்காமல், மேற்பார்வை இல்லை என்று பிறகு குறைப்பட்டுக்கொண்டார்கள். என் பார்வையில் டெக்ஸஸின் பெரிய பிழை இந்த வருடங்களில்தான் நடந்தது. வயது வரம்பு, ஒரு பங்குக்கு இத்தனை மில்லிகிராம், குழந்தைகள் திறக்க முடியாத மூடி, மாநிலம் ஒப்புக்கொண்ட ஆய்வகம்: இவை எதற்கும் நீதிமன்றம் குறுக்கே நிற்கவில்லை. 2021இலும் 2023இலும் சட்டமன்றம் கூடியது, கலைந்தது.

அந்தப் பக்கம், மருத்துவ வழியில் இருந்தவர்கள் பட்ட பாடு வேறு. 2015இல் வந்த கருணைப் பயன்பாட்டுச் சட்டம் முதலில் கட்டுக்கடங்காத வலிப்பு நோய்க்கு மட்டும், 0.5 சதவீத டி.எச்.சி. வரை அனுமதித்தது. 2021இல் எல்லா வகைப் புற்றுநோயும், பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனக்காயமும் (பி.டி.எஸ்.டி.) சேர்ந்து, வரம்பு 1 சதவீதமானது. மூன்று நிறுவனங்களும் மாநிலத்தின் நடுப்பகுதியில் இருந்தன. மற்ற ஊர்களில் மருந்தை வாங்கிக்கொள்ள சிறு மையங்கள் வைத்திருந்தாலும், இரவில் அங்கே சரக்கு வைக்கக்கூடாது. காலையில் தலைமை இடத்திலிருந்து வண்டியில் ஏற்றிப் போய், நோயாளி வராவிட்டால் அதே மருந்தை அன்றே திரும்ப ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஆஸ்டினிலிருந்து எல் பாசோ 900 கிலோமீட்டருக்கு மேல். அந்தப் பெட்ரோல் செலவும் மருந்தின் விலையில்தான் ஏறும். நோயாளிகள் பலர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தெருமுனைக் கடைக்கே போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

2025: ஒரு மசோதா, ஒரு வீட்டோ

2025 சட்டமன்றக் கூட்டத்தொடரில் துணை ஆளுநர் பேட்ரிக் இதைத் தன் சொந்த விவகாரமாக எடுத்துக்கொண்டார். டெக்ஸஸில் துணை ஆளுநர் அலங்காரப் பதவி அல்ல. செனட்டை நடத்துபவர் அவர்தான், எந்த மசோதா அவைக்கு வரும் என்பதும் அவர் கையில். அவருக்காக மசோதா எழுதியவர், 2019 சட்டத்தைச் செனட்டில் சுமந்த அதே பெர்ரி. விவசாயிக்காகக் கொடுத்ததைக் கடைக்காரர்கள் திரித்துவிட்டார்கள் என்பது அவர் கோபம். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கோபத்தில் எழுதிய மசோதா, சி.பி.டி., சி.பி.ஜி. என்ற போதை தராத இரண்டைத் தவிர வேறு எந்தக் கன்னாபினாய்டு எந்த அளவில் இருந்தாலும் குற்றம் என்றது.

பிரதிநிதிகள் அவைக் குழு இதை ஒழுங்குமுறை மசோதாவாக மாற்றி அவைக்கு அனுப்பியது. மே மாதம் அவையில் ஒரு திருத்தத்தால் மறுபடியும் முழுத் தடையாகி நிறைவேறியது. மே இறுதியில் பேட்ரிக் பத்திரிகையாளர் கூட்டம் போட்டு, மேசை நிறையப் பாக்கெட்டுகளைப் பரப்பிக் காட்டினார், சிலவற்றை நிருபர்கள் பக்கம் வீசியும் போட்டார். எதிர்ப்பக்கம் எழுந்து நின்றது, யாரும் எளிதில் திட்ட முடியாத ஒரு கூட்டம்: முன்னாள் படைவீரர்கள். தூக்கத்துக்கும் வலிக்கும் ஓபியாய்டு மாத்திரையை விட்டுவிட்டு இதற்கு வந்தவர்கள் நாங்கள் என்றது அவர்கள் சங்கம். லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் ஆளுநர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை. வீட்டோவுக்கான கெடு அன்று நள்ளிரவோடு முடிகிறது. கடைசி நிமிடங்களில் அபட் மசோதாவை நிராகரித்தார். அவர் சொன்ன காரணம் ஒழுக்கம் பற்றியது அல்ல, நீதிமன்றம் பற்றியது. ஆர்கன்சா மாநிலத்தின் இதே போன்ற 2023ஆம் ஆண்டுத் தடைச் சட்டம் மத்திய நீதிமன்றத்தில் முடங்கிக் கிடக்கிறது, நம்முடையதும் அப்படித்தான் வருடக்கணக்கில் முடங்கும், அதுவரை கடைகள் கட்டுப்பாடில்லாமல் நடக்கும் என்றார். மதுவைப் போல ஒழுங்குபடுத்துவோம் என்று பட்டியலும் போட்டார்.

இரண்டே நாள். ஜூன் 24 அன்று எட்டாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆர்கன்சா சட்டத்தின் மேலிருந்த தடையை நீக்கிவிட்டது. விவசாயச் சட்டம் மாநிலங்களின் கையைக் கட்டவில்லை, ஹெம்ப் தன் எல்லை வழியே கடந்து போவதை மட்டும்தான் தடுக்கக்கூடாது என்பது தீர்ப்பின் போக்கு. வர்ஜீனியா வழக்கில் நான்காவது வட்டமும் அதே ஆண்டு ஜனவரியில் அதே திசையில்தான் போயிருந்தது. ஆளுநர் சாய்ந்து நின்ற சுவர் இரண்டு நாளில் இல்லாமல் போனது. ஆனாலும் அவர் முடிவு தவறு என்று நான் நினைக்கவில்லை. காரணம் பொய்த்தது, முடிவு நின்றது. 8,000 கடைகளை ஒரே நாளில் மூடினால் சரக்கு காற்றில் கரைந்துவிடாது. கார் டிக்கிக்குள் போகும்.

அப்புறம் நடந்தது டெக்ஸஸ் அரசியலின் வழக்கமான கூத்து. ஜூலையில் சிறப்புக் கூட்டத்தொடர். செனட் மறுபடியும் தடை மசோதாவை நிறைவேற்றியது. தொகுதி மறுவரையறைச் சண்டையில் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் மாநிலத்தைவிட்டே வெளியேற, அவையை நடத்தத் தேவையான எண்ணிக்கை (கோரம்) இல்லை. ஆகஸ்டில் இரண்டாவது சிறப்புக் கூட்டத்தொடர், செனட்டில் மூன்றாவது முறை தடை மசோதா, பிரதிநிதிகள் அவையில் அது நகரவே இல்லை. செப்டம்பர் 10 அன்று அபட் நிர்வாக ஆணை போட்டார்: 21 வயதுக்குக் கீழே விற்கக்கூடாது, அடையாள அட்டை பார்க்க வேண்டும். மது ஆணையம் அந்த மாதமே தன் உரிமக் கடைகளுக்கு அவசர விதி கொண்டுவந்தது. 2019இல் ஒரு வரியில் எழுதியிருக்க வேண்டிய விஷயம், ஆறு வருடமும் ஒரு வீட்டோவும் இரண்டு சிறப்புக் கூட்டத்தொடரும் கடந்து வந்து சேர்ந்தது.

சத்தமில்லாமல் இன்னும் இரண்டு சட்டங்கள் செப்டம்பர் 1 முதல் அமலாயின. ஒன்று, கன்னாபினாய்டு உள்ள வேப் கருவிகளின் விற்பனையைத் தடைசெய்தது. மற்றது மருத்துவத் திட்டத்தை விரித்தது. நாள்பட்ட வலி பட்டியலில் சேர்ந்தது, மூன்று உரிமம் 15 ஆனது, சதவீதத்துக்குப் பதிலாக ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம் என்ற அளவு வந்தது, சிறு மையங்களில் இரவு சரக்கு வைக்கவும் வழி பிறந்தது. தலைப்புச் செய்தி ஆகாத இந்தச் சட்டம்தான் அந்த ஆண்டின் உருப்படியான வேலை என்பேன். டிசம்பரில் சுகாதாரத் துறை, கடைப் பதிவுக் கட்டணத்தை 155 டாலரிலிருந்து 20,000 டாலராக உயர்த்த முன்மொழிந்தது. பூட்டே இல்லாத வீட்டுக்கு வங்கி லாக்கர் கதவு மாட்டுகிற கதை.

பக்கத்து உதாரணம்: மினசோட்டா

மினசோட்டா 2022 ஜூலை 1 அன்று ஹெம்ப் டி.எச்.சி. உண்பொருட்களை அனுமதித்தது: ஒரு பங்குக்கு 5 மில்லிகிராம், பாக்கெட்டுக்கு 50 மில்லிகிராம், 21 வயது. வாக்களித்த உறுப்பினர்கள் சிலருக்கே தாங்கள் எதற்கு வாக்களித்தோம் என்று பிறகுதான் புரிந்தது. அங்கேயும் முதலில் வரி இல்லை, ஆய்வாளர் இல்லை. பொறுப்பு மருந்தாளுநர் வாரியத்தின் தலையில் விழுந்தது. அந்த டிசம்பரில், வரம்பைப் பல மடங்கு தாண்டிய கரடிப் பொம்மை மிட்டாய்களுக்காக அந்த வாரியம் வழக்குப் போட வேண்டியிருந்தது. ஆனால் வரம்பு என்று ஓர் எண், அதுவும் மில்லிகிராமில், சட்டத்தில் இருந்ததால்தான் வழக்கே போட முடிந்தது. டெக்ஸஸில் அதே மிட்டாயைப் பிடித்திருந்தால் முதலில் தராசைத் தேட வேண்டும். 2023இல் மினசோட்டா வரியும் போட்டு, தனி அலுவலகமும் அமைத்தது. உள்ளூர் பீர் ஆலைகள் 5, 10 மில்லிகிராம் பானங்களைத் தயாரித்துப் பிழைத்துக்கொண்டன.

கடைசியில் வாஷிங்டன்

டெக்ஸஸ் தன் அவசர விதிகளை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், 43 நாள் முடங்கிய மத்திய அரசைத் திறக்க ஒரு நிதிச் சட்டம் 2025 நவம்பர் 12 அன்று கையெழுத்தானது. அதற்குள் ஹெம்ப்பின் புது வரையறை நுழைந்திருந்தது. இனி டெல்டா-9 மட்டும் இல்லை, அமிலமும் சேர்த்து மொத்த டி.எச்.சி. கணக்கு. செடிக்கு வெளியே தயாரித்த கன்னாபினாய்டுகள் ஹெம்ப் இல்லை. கடைக்கு வரும் பொருளில் ஒரு பாக்கெட்டுக்கு மொத்தமே 0.4 மில்லிகிராம். கம்மி மிட்டாயில் போதைக்கு அது ஒன்றுமே இல்லை. தூக்கத்துக்கென்று விற்கும் சி.பி.டி. எண்ணெய்கள் பலவும் இந்த வரம்பில் தட்டுப்படும், ஏனென்றால் முழுச் சாறில் இயல்பாகவே அதைவிட அதிக டி.எச்.சி. இருக்கும். இதை முன்னின்று முடித்தவர், 2018இல் கதவைத் திறந்த அதே மெக்கானல். நீக்கச் சொல்லி அவருடைய கென்டக்கி சகா ராண்ட் பால் கொண்டுவந்த திருத்தம் 76க்கு 24 என்று ஒதுக்கப்பட்டது.

டெக்ஸஸில் விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. குடியேற்றச் சட்டம் பார்ப்பது மத்திய அரசின் பட்டியலை; மாநிலத்தில் அனுமதி இருந்தது என்ற வாதம் அங்கே எடுபடாது. பட்டியல் மாறும் நாளில் அலமாரியில் மிச்சமிருக்கும் பாக்கெட்டின் தகுதியும் மாறும். வேலைக்கு முன் எடுக்கும் சிறுநீர்ப் பரிசோதனையோ எப்போதுமே கடை ரசீதைப் பார்ப்பதில்லை.

புது வரையறை அமலாகும் நாளாக அந்தச் சட்டம் குறித்திருப்பது ஓராண்டு கழித்து, 2026 நவம்பர் 12. டெக்ஸஸ் சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் கூடும். அடுத்த வழக்கமான கூட்டத்தொடர் 2027 ஜனவரி 12. நடுவில் சரியாக இரண்டு மாதம். மாநிலச் சட்டம் ஹெம்ப் என்று சொல்லும் பொருள், மத்தியச் சட்டப்படி கஞ்சாவாக இருக்கும். மருத்துவத் திட்டத்தில் புதிதாக உரிமம் வாங்கியவர்கள் அப்போதுதான் முதல் பயிரை அறுவடை செய்துகொண்டிருப்பார்கள். மத்தியச் சட்டப்படி அதுவும் கஞ்சாதான், 2015இலிருந்தே.